காறை எலும்பு

எலிஸ் நகரத்தில் அந்தக் கோயில்
வருடத்துக்கு ஒரு நாள்தான் திறக்கும்.
ஒரே ஒருவர்தான் உள்ளே போவார்.
மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு
உள்ளங்கையால் தரையைத் தட்டுவார்கள்,
கீழ்வீட்டுக்காரரை எழுப்புவதுபோல.

பெயரை நான் சொல்ல மாட்டேன்.
பணக்காரர் என்போம், எல்லோரும் அப்படித்தான்.
விதைத்த பார்லி அவரிடம்,
தோண்டாத வெள்ளி அவரிடம்,
போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போன
மீன்காரன் ஸ்திராத்தியோஸ் அவரிடம்,
எனக்குத் தரவேண்டிய பதினோரு டிராக்மாவோடு.

அள்ள அள்ளக் குறையாத கொம்பைக் கையில் பிடித்திருக்கிறவர்
வாங்கியதில் ஒன்றையாவது திருப்பித் தந்தாரா
என்று கேட்பாள் என் மனைவி பிட்டாக்கே.
திருப்பித் தந்தால் எப்படிப் பணக்காரர் ஆவது என்பேன்.
விருந்து வந்தால் முகம் சுளிக்காத வீடு.
வந்த விருந்துதான் போவதில்லை.

இந்த வருடம்
திறவுகோல் கதவிலேயே முறிந்துவிட்டது.
பூசாரி தமாரெட்டோஸ் ஆள் அனுப்பினார்.
அரம், எண்ணெய், வெண்கலக் கம்பி, சிறிய உலை,
உலோக நாற்றம் போகத் தேய்த்துக்கொள்ளக் கொஞ்சம் புதினா.
புதினாவைப் பார்த்ததும் பூசாரிக்கு முகம் வெளிறியது.
தூர எறி, இங்கே வேண்டாம்.

அவர் ஆசை வைத்த பெண்ணாம் அது.
அவர் மனைவி மிதித்தாளாம்.
மிதிபட்ட பிறகுதான் இவ்வளவு வாசனையாம்.
எறிந்தேன்.
கையைவிட்டு வாசனை போகவில்லை.

எங்கள் மொழியில்
திறவுகோலுக்கும் காறை எலும்புக்கும் ஒரே சொல்.
சின்ன வயதில் அதை யோசித்ததில்லை,
நாக்கு வாய்க்குள் இருப்பதை யோசிக்காததுபோல.
முறிந்த துண்டுகளைச் சேர்த்து
வளைவை எதில் ஒப்பிடுவது என்று தேடி
கடைசியில் என் தோளில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.
சிரித்துவிட்டேன்.
கூட யாரும் சிரிக்கவில்லை,
எல்லோருக்கும் முதுகுதான் இருந்தது.

புதுக் கம்பியைக் காய்ச்சி வளைத்து
துளைக்குள் விட்டுத் தாழைத் தேடினேன்.
இருட்டில் எதையோ தட்டியது.
இன்னும் கொஞ்சம்.
நகர்ந்தது.
பூசாரி குனிந்தபடி உள்ளே போனார்.
கையில் அரத்தோடு நின்ற எனக்கு
முகத்தைத் திருப்ப மறந்துவிட்டது.

தீ இல்லை. ஆறு இல்லை.
மூன்று தலை நாய் இல்லை, ஒரு பல்லி.
தானியக் குழியின் மூடியைத் தூக்கினால்
முகத்தில் வந்து படுமே ஒரு குளிர், அது.
நடுவில் ஒரு கல் நாற்காலி.
காலியாக.

இதற்கா இத்தனை பயம் என்று நினைத்தேன்.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
அணிந்தால் ஆள் தெரியாத தலைக்கவசம்
யாருடையது என்று.
தரை முழுக்க ஒரு வருடத் தூசி.
இருக்கையில் மட்டும் இல்லை.

பார்த்தாயா என்றார் வெளியே வந்த பூசாரி.
தாழைத்தான் பார்த்தேன் என்றேன்.
தலையாட்டினார். நம்பினாரா, தெரியாது.
அவர் என்ன பார்த்தார் என்று நானும் கேட்கவில்லை.

ஆறு டிராக்மா கேட்டிருந்தேன்.
வீட்டுக்கு வந்து துணி முடிச்சை அவிழ்த்தால்
பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
ஒரு காசில் மீன் செதில் ஒட்டியிருந்தது
என்று சொன்னால் பொய்.
ஆனாலும் முகர்ந்து பார்த்தேன்.
புதினாதான்.

ஸ்திராத்தியோஸ் கணக்கைச் சுவரிலிருந்து அழித்தேன்.
இத்தனை நாள் அவர் எனக்குக் கடன்பட்டவர்.
அந்தக் கடன்மேல் எனக்கு ஒரு தைரியம் இருந்தது.

ராத்திரி பிட்டாக்கே புரண்டு படுத்தாள்.
துணி விலகிய தோளில்
விளக்கு வெளிச்சத்தில்
அந்த வளைவு.
போர்வையை இழுத்து மூடினேன்,
சத்தம் வராமல்
ஒரு கதவைச் சாத்துகிறவன்போல.